மூன்று மூட்டுக்கு ஒரே எண்ணெய்

கேக்கின் மேல் பெயர் எழுதுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் உண்டு. கிரீமக்காவின் கணவரே கேட்டிருக்கிறார், அக்கா பேக்கரியில் சேர்ந்த புதிதில். அன்றிலிருந்து பத்தொன்பது வருஷமாக அவருடைய பிறந்தநாள் கேக்கில் மட்டும் அக்கா பெயர் எழுதுவதில்லை. மனிதர் மொட்டைக் கேக்கைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

அக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது பேக்கரியின் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி கடையிலும் தெருவிலும் அவர் கிரீமக்காதான். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள அந்த பேக்கரியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உயரமான ஒரு மேசை. அதன் மேல் சுழலும் தட்டு. இடது கை தட்டைத் திருப்பும், வலது கை கிரீம் நிரப்பிய எண்ணெய்த்தாள் கூம்பைப் பிழியும். உள்ளங்கை அளவு கேக்கில் ஆறெழுத்துப் பெயரையும் அதற்கு முன்னால் ஒரு 'செல்லக்குட்டி'யையும் இடித்துக்கொள்ளாமல் உட்கார வைத்துவிடுவார். பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். அப்படிப் பார்த்து இரண்டு பேருந்தைத் தவறவிட்டவர்கள்கூட இருக்கிறார்கள்.

கணவர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருஷம் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்தினார், இல்லாவிட்டால் அபராதம் போட்டார். அதனால் அவருக்கு முத்திரையார் என்று பெயர் நிலைத்துவிட்டது. வேலையை விட்டாலும் முத்திரை குத்துகிற பழக்கம் விடவில்லை. தராசு இல்லாத வீட்டில், மனிதர்களுக்குக் குத்தினார்.

போன வருஷம் அவருடைய வலது முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. படி ஏறினால் வலி, இறங்கினால் அதைவிட வலி, உட்கார்ந்தால் சுகம். மடக்கி நீட்டினால் உள்ளே அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம். டாக்டர் ஒருவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "தேய்மானம்" என்றார். அந்த ஒரு வார்த்தையை முத்திரையார் பட்டம் வாங்கியது போல வீட்டுக்குக் கொண்டுவந்தார். எக்ஸ்ரே படத்தைக் கூடத்து ஜன்னலில் கிளிப் போட்டு மாட்டினார். காலை வெயிலில் அவருடைய முழங்கால் கூடம் முழுவதும் நீல நிறமாக விழுந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேநீர் வருவதற்கு முன்பே முழங்கால் வந்துவிடும்.

"இதோ பாருங்க, இந்த இடைவெளி குறைஞ்சிருக்கு. மூட்டுவலின்னா என்னன்னு நெனச்சீங்க? தேய்மானம். வண்டி ஓடினா டயர் தேயுதில்ல? அவ்வளவுதான் விஷயம்."

மருந்துக்கடையில் வாங்கிய கரும்பச்சை எண்ணெய் ஒன்றும் வைத்திருந்தார். கதவைத் திறந்தாலே அதன் வாசனை வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போகும்.

இரண்டாவது மூட்டு, அக்காவுடைய அண்ணனுடையது. அதே கட்டிடத்தில் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். ஒரு விழா மண்டபத்தின் மேலாளர். வருகிற விருந்தாளிகளை வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்பதும், கடைசிப் பந்தியில் தானே உட்கார்ந்து சமையல் எப்படி என்று சோதிப்பதும் அவர் வேலை. இரண்டாவது வேலையை அவர் ஒருநாளும் அலட்சியமாகச் செய்ததில்லை. ஆட்டு ஈரலும் இறாலும் பரிமாறிய ஒரு பெரிய விருந்துக்கு மறுநாள் விடியற்காலையில், கால் கட்டைவிரலில் யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் சொருகியது போல அலறிக்கொண்டு எழுந்தார். விரலடி தக்காளி போலச் சிவந்து மினுமினுத்தது. போர்வையின் நுனி பட்டால்கூட உயிர் போயிற்று.

தகவல் தெரிந்து முத்திரையார் ஒவ்வொரு படியாக முனகிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். எட்டடி தூரத்தில் நின்று பார்த்தார்.

"மச்சான், தேய்மானம்தான் இது."

"ராத்திரி படுக்கும்போது நல்லா இருந்துச்சு மாப்பிள்ளை! ஒரே ராத்திரியில எப்படித் தேயும்?"

"கட்டைவிரல் சின்ன மூட்டு. சீக்கிரம் தேய்ஞ்சிரும்."

இதைச் சொல்லிவிட்டு எண்ணெயை எடுத்து அந்த விரலில் தேய்க்கக் குனிந்தார். அண்ணன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள்.

பிறகு டாக்டரிடம் போய், ரத்தம் கொடுத்து, யூரிக் அமிலம் என்று தெரிந்துகொண்டு வந்தார் அண்ணன். மாத்திரையில் வலி வாரத்துக்குள் அடங்கிவிட்டது. அடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட்டார், ஆனால் யூரிக் அமிலத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவில்லை. உலகத்தில் நடக்கிற சகலத்துக்கும் அதுதான் காரணம் என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மேலே தேய்மானக் கட்சி, கீழே யூரிக் கட்சி. நடுவில் மாடிப்படி.

இந்த நிலையில்தான் அக்காவின் கை பிடித்துக்கொண்டது.

முதலில் மோதிரம் கழலவில்லை. அப்புறம் காலையில் குழாயைத் திருக முடியவில்லை. இரண்டு கையிலும் விரல்கள் கைத்தலத்தோடு சேருகிற கணுக்கள், அப்புறம் விரலின் நடுக்கணுக்கள், மணிக்கட்டு என்று எல்லாம் வீங்கிக்கொண்டன. வலது கையில் எங்கே வலித்ததோ, இடது கையிலும் கணக்காக அங்கேயே வலித்தது. எழுந்ததும் விரல்களை மடக்க முடியாது. வெந்நீரில் ஊறவைத்து, பிசைந்து பிசைந்து, ஒன்றரை மணிநேரம் போனபிறகுதான் கை தன்னுடைய கை போல ஆகும். பல் துலக்கும் பிரஷ்ஷை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, தலையை ஆட்டித் துலக்கினார். வேலை செய்யச் செய்யக் கை இளகியது. ஆனால் மத்தியானத்துக்குள் மூட்டை தூக்கியவர் போல உடம்பு முழுவதும் அசந்து போனது.

"தேய்மானம்" என்றார் முத்திரையார், நாளிதழிலிருந்து தலையை எடுக்காமல். "பத்தொன்பது வருஷமா பிழியிறியே, தேயாம என்ன செய்யும்?"

"இடது கையால நான் பிழியிறதில்லையே. அது ஏன் வலிக்குது?"

இதற்குப் பதில் நாளிதழில் இல்லாததால் அவர் பக்கத்தைத் திருப்பினார்.

அண்ணன் மாடியேறி வந்து தங்கையின் கையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "யூரிக் அமிலம்மா. கறி, மீன், பருப்பு, பயறு, கீரை எதையும் தொடாதே." தான் மட்டும் அன்றைக்கு ஒரு நிச்சயதார்த்த விருந்துக்குச் சோதனைக்குப் போக வேண்டியிருந்ததால் அவசரமாக இறங்கிப் போனார். அக்கா மூன்று மாதம் சோறும் பூசணிக்காயுமாகச் சாப்பிட்டார். கை அப்படியே இருந்தது. உடம்புதான் ஐந்து கிலோ குறைந்தது.

பேக்கரி முதலாளியின் கணக்கில் கடை ஏசிதான் காரணம். அக்காவின் மேசையை அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டார். கை சரியாகவில்லை, கிரீம் உருகியது. தெருமுனை கிளினிக்கில் உட்கார்ந்திருந்த டாக்டர் கையைத் தொட்டுப் பார்க்காமலே, "ஐம்பது வயசாகப் போகுதுல்ல?" என்று கேட்டு வலிக்கு ஓர் ஊசி போட்டார். அந்த ஊசியின் தயவில் இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. மூன்றாம் நாள் வலி, லீவு முடிந்து வந்த ஆள் மாதிரி, உற்சாகமாக வேலைக்குத் திரும்பியது.

இப்படியே ஏழு மாதம் ஓடியது.

ஏழாவது மாதம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கேக் கேட்டிருந்தார்கள். ஓய்வு பெறுகிற தலைமையாசிரியருக்கு. 'ஐயா பல்லாண்டு வாழ்க' என்று எழுத வேண்டும். காலை எட்டு மணிக்கே வேண்டும் என்று சொல்லியிருந்ததால் அக்கா ஏழு மணிக்குக் கூம்பைக் கையில் எடுத்தார். அந்த நேரத்தில் அவர் கை எழுதுகிற கையே இல்லை. 'பல்லாண்டு' வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டார். 'ழ' என்ற எழுத்தை ஏற்படுத்தியவருக்கு மூட்டுவலி இருந்திருக்காது போலும். மேலே ஒரு மடிப்பு, கீழே இறங்கி ஒரு சுழிப்பு. மேல் மடிப்பு வந்தது. கீழே இறங்க மணிக்கட்டு மறுத்துவிட்டது.

கேக்கை வாங்க வந்தவர் அந்தப் பள்ளியின் தமிழாசிரியை. பெட்டியைத் திறந்தார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஐயா பல்லாண்டு வாம்க. ஏம்மா, போறவரை வாங்கன்னு கூப்பிடுறீங்களா?"

முதலாளி பதறி ஓடிவந்தார். வேறு கேக் தருகிறோம், சுரண்டிவிட்டு எழுதித் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டே அக்காவைப் பார்த்து முறைத்தார். அக்கா மன்னிப்புக் கேட்கிற மாதிரி கையை நீட்டினார். தமிழாசிரியை அந்தக் கையைப் பார்த்தார். கணுவுக்குக் கணு வீங்கிச் சிவந்த கை. வாய்வரை வந்துவிட்ட இலக்கணத்தை விழுங்கிக்கொண்டு, "பரவாயில்ல, சுழியை நான் கத்தி முனையால இழுத்துக்கறேன்" என்று பெட்டியை மூடினார்.

அவர் திட்டியிருந்தாலும் அக்கா தாங்கியிருப்பார். இரக்கப்பட்டதுதான் உள்ளே போய்த் தைத்தது. மாவு மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக வேலை நேரத்தில் அழுதார்.

பத்து நாள் வீட்டில் இருந்து வரச்சொன்னார் முதலாளி. முத்திரையாருக்கு ரொம்பத் திருப்தி.

"இதைத்தான் நான் அப்பவே சொன்னேன். முழு ஓய்வு. கையை அசைக்கக் கூடாது. என் முழங்காலைப் பார்த்தேல்ல? உட்கார்ந்தா சரியாயிரும்."

அக்கா கையை அசைக்காமல் உட்கார்ந்தார். முதல் நாள் ஒன்றரை மணிநேரத்தில் இளகிய கை, ஐந்தாம் நாள் மூன்று மணிநேரம் ஆகியும் இளகவில்லை. எட்டாம் நாள் தேநீர்க் குவளை கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. சில்லுகளைப் பெருக்கக்கூட முடியாமல் நின்றவர், நாற்காலியில் காலை நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த கணவர் பக்கம் திரும்பினார்.

"என்னங்க, உங்க காலு ஓய்வு எடுத்தா சரியாகுது. என் கை ஓய்வு எடுத்தா கல்லாகுது. உங்களுக்கு சாயங்காலம் வலி, எனக்கு விடிஞ்சா வலி. உங்களுக்கு ஒரு முழங்கால், எனக்கு பத்து விரலும். இது ரெண்டும் எப்படிங்க ஒரே நோயாகும்?"

முத்திரையார் எண்ணெய்க் கையோடு யோசித்தார். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ கடைக்காரர்களின் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். இதற்குச் சட்டப்பிரிவு எதுவும் ஞாபகம் வரவில்லை.

"எல்லாம் மூட்டுதானே?" என்றார்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதாக அக்கா சொன்னார். தனியாகத்தான் போக நினைத்தார். ஆனால் இரண்டு கட்சிகளும் தங்கள் பிரதிநிதியை அனுப்பாமல் விடுமா? முத்திரையார் எக்ஸ்ரேயை ஜன்னலிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டார். அண்ணன் தன் பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டார். ஆக, மூன்று பேருமாகக் கிளம்பினார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் பெரிய பலகை இருந்தது. எலும்பு மருத்துவம் மூன்றாவது மாடி. மூட்டுவாதப் பிரிவு தரைத்தளம். முத்திரையார் பலகையைப் பாதி படித்ததும் லிஃப்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அக்கா முழுசாகப் படித்தார். படித்துவிட்டு இடது பக்கம் திரும்பித் தரைத்தளத்துக்கு டோக்கன் வாங்கினார். மூன்றாவது மாடிவரை போய், ஆள் காணவில்லையே என்று படியில் இறங்கித் திரும்பிய முத்திரையாருக்கு முழங்கால் வலி இரட்டிப்பாகியிருந்தது.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். மேசை மேல் ஒரு பேனா, ஒரு டார்ச், வேறு எதுவும் இல்லை. முதல் வேலையாக அக்காவின் கையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கணுவாக மெதுவாக அழுத்திப் பார்த்தார். ஏழு மாதத்தில் அந்தக் கையை ஒருவர் தொட்டுப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"வலி எப்போ அதிகம்?"

"படி ஏறும்போது" என்றார் முத்திரையார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "கையாலயா ஏறுறாங்க?"

"இல்ல, பொதுவா சொன்னேன்."

"காலையில எழுந்ததும் பிடிப்பு எவ்வளவு நேரம் இருக்கும்மா?"

"விருந்து சாப்பிட்டா வரும் டாக்டர்" என்றார் அண்ணன், சீட்டை நீட்டிக்கொண்டே.

டாக்டர் பேனாவை மூடி மேசை மேல் வைத்தார். "இங்க வலி யாருக்கு?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில், "எனக்கு" என்றார்கள். வெளியே வரிசையில் இருந்த ஒருவர் கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை. ஆளுக்கு இரண்டு கேள்வி கேட்டார், எக்ஸ்ரேயையும் சீட்டையும் பார்த்தார், பிறகு சொன்னார்:

"மூணு பேருக்கும் மூட்டுதான் வீடு. ஆனா உள்ள குடியிருக்கிற ஆளு வேற வேற. ஐயா, உங்களுக்கு எலும்பு நுனியில இருக்கிற மெத்தை தேய்ஞ்சிருக்கு. காலையில பத்து நிமிஷம் பிடிப்பு இருக்கும், அப்புறம் நடக்க நடக்கத்தான் வலி. சரிதானே? அண்ணே, உங்களுக்கு யூரிக் அமிலம் ஊசி ஊசியா படிகமாகி மூட்டுல இறங்குது. சொல்லாம கொள்ளாம ஒரே மூட்டுல வரும், ஊரைக் கூட்டும், பத்து நாள்ல போயிரும். போயிருச்சுன்னு நீங்க மாத்திரையை நிறுத்தியிருப்பீங்க."

அண்ணன் கூரையைப் பார்த்தார்.

"அம்மாவுக்கு ரெண்டும் இல்ல. நோயை எதிர்த்துச் சண்டை போட உடம்புக்குள்ள ஒரு படை இருக்கு. அது ஆள் தெரியாம சொந்த மூட்டோட உள்சவ்வையே அடிக்குது. அதனாலதான் ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி வீக்கம், காலையில மணிக்கணக்கா பிடிப்பு, உடம்பெல்லாம் அசதி. முடக்குவாதம்னு பேரு."

"வாதம்னா, வாய் கோணுமே, அதுவா?" முத்திரையாரின் குரல் இறங்கியிருந்தது.

"அது பக்கவாதம். அது மூளையில வர்றது. பேருதான் ஒட்டிக்கிட்டிருக்கு, ரெண்டுக்கும் சம்பந்தமில்ல."

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது அதில் ஒரு வரியில் 'இல்லை' என்று இருந்தது. முத்திரையார் முகம் மலர்ந்தது. "பார்த்தியா, ஒண்ணுமில்லன்னு முத்திரை குத்தியே குடுத்துட்டாங்க!" டாக்டர் மற்ற வரிகளைக் காட்டினார். வீக்கத்தைக் காட்டும் அளவுகள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன. "இந்த நோய் இருந்தும் அந்த ஒரு பரிசோதனையில இல்லைன்னு வர்றவங்க உண்டு. காகிதத்தை மட்டும் பார்த்தா போதாது ஐயா, கையையும் பார்க்கணும்."

அப்புறம் அக்காவிடம், வலது சுண்டுவிரல் வெளிப்பக்கமாகச் சாய ஆரம்பித்திருக்கிறது, அது திரும்ப நிமிராது, மற்ற விரல்களைக் காப்பாற்றலாம் என்றார். முன்பே வந்திருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாமா என்று அக்கா கேட்டார். டாக்டர் சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். "இப்பவாவது வந்தீங்களே" என்றார்.

திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் அக்கா சுண்டுவிரலைத் தடவிக்கொண்டே வந்தார். வீடு வந்ததும் முத்திரையார் முதல் வேலையாக எக்ஸ்ரேயை மறுபடி ஜன்னலில் மாட்டினார். பழக்கதோஷம்.

கொடுத்த மருந்துகளில் முக்கியமானது ஒரு மஞ்சள் மாத்திரை. வாரத்துக்கு ஒரே ஒரு நாள், திங்கட்கிழமை மட்டும். அதோடு வேறு நாளில் போடச்சொல்லி ஒரு வைட்டமின். டாக்டர் சீட்டில் கிழமையைப் பெரிய எழுத்தில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். மருந்துக்கடைக்காரரும் ஒரு தடவை சொல்லி அனுப்பினார்.

மனைவிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று முத்திரையாருக்கு உண்மையாகவே ஆசை. குற்ற உணர்ச்சியும் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. ஏழு கிழமைக்கும் ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா ஒன்றை வாங்கி வந்தார். அறைகளைப் பார்த்தார். திங்களில் மஞ்சள் மாத்திரை, செவ்வாயில் வைட்டமின் போக மற்ற ஐந்தும் காலியாக இருப்பது அளவுத்துறையில் ஊறிய மனசுக்குப் பொறுக்கவில்லை. வாரம் ஒன்று போட்டால் மெல்ல குணமாகும் என்றால், தினம் ஒன்று போட்டால் ஏழு மடங்கு வேகத்தில் குணமாக வேண்டாமா? அறைக்கு ஒன்றாக ஏழிலும் மஞ்சள் மாத்திரை போட்டு மூடினார். சரிபார்த்ததற்கு அடையாளமாக, கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்றை மூடியில் ஒட்டவும் செய்தார்.

திங்கட்கிழமை காலை அக்கா அந்த அறையைத் திறந்து மாத்திரை போட்டுக்கொண்டார். செவ்வாய்க்கிழமை வைட்டமினுக்காகத் திறந்தார். அங்கே வைட்டமினோடு அதே மஞ்சள் மாத்திரையும் உட்கார்ந்திருந்தது. உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். சீட்டை எடுத்து வைத்துப் பார்த்தார். மற்ற அறைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். அப்புறம் நேரே மருந்துக்கடைக்குப் போய்க் கேட்டார். கடைக்காரர் முகம் வெளுத்துப்போயிற்று. தினமும் போட்டிருந்தால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார்.

அக்கா வீட்டுக்கு வந்தார். டப்பாவைக் கணவர் முன்னால் வைத்தார். சத்தம் போடவில்லை.

"முப்பத்தொரு வருஷம் எடை குறைஞ்சதுக்கு அபராதம் போட்டீங்க. கூடினதுக்கு யாருங்க போடுறது?"

முத்திரையாருக்கு விஷயம் புரியச் சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "சீக்கிரம் சரியாகணும்னுதான்..." என்று ஆரம்பித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அக்கா அதுவரை பார்த்ததில்லை.

"ஏழு மாசம் நீங்க சொன்னதைக் கேட்டேன். அண்ணன் சொன்னதைக் கேட்டேன். முதலாளி சொன்னதைக் கேட்டு அடுப்புப் பக்கத்துல நின்னேன். ஒருத்தராவது, 'உனக்கு எப்போ வலிக்குது, எங்க வலிக்குது'ன்னு கேட்டீங்களா? இனிமே என் கையும் என் மாத்திரையும் என் பொறுப்பு. நீங்க உங்க காலைப் பாருங்க."

டப்பாவைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். பூட்டைத் திருகச் சிரமமாக இருந்தது. முத்திரையார் உதவிக்கு எழுந்தார். அக்கா பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

மருந்து உடனே கேட்கவில்லை. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மாதம், கீழ்வீட்டு அண்ணன், "நான் சொல்லல, இந்த மாத்திரையெல்லாம் சும்மா" என்று படியேறி வந்து சொன்னார். மூன்றாவது மாதத்தில் ஒருநாள் காலையில் அக்கா வழக்கம்போலக் கையை வெந்நீரில் வைத்துவிட்டு, அது ஏற்கெனவே மடங்குகிறது என்பதைக் கவனித்தார். ஒன்றரை மணிநேரம் முக்கால் மணியாகி, பிறகு இருபது நிமிஷமாகியது. மாதாமாதம் ரத்தம் கொடுத்து கல்லீரலும் ரத்த அணுக்களும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார். சீட்டுகளைத் தானே வரிசையாக அடுக்கி வைத்தார்.

பத்து நாள் லீவு மாதக்கணக்கில் நீண்டு, பேக்கரிக்குத் திரும்பிப் போனதும் முதலாளியிடம் இரண்டு விஷயம் கேட்டார். மேசை பழைய இடத்துக்குப் போக வேண்டும். இனிமேல் பத்து மணிக்குத்தான் வருவேன், காலை ஆர்டருக்கு முந்தின நாள் சாயங்காலமே எழுதி வைத்துவிடுவேன். முதலாளி தலையைச் சொறிந்தார். அவர் இந்த இடைவெளியில் வேறு ஆளை வைத்துப் பார்த்திருந்தார். அந்த ஆள் எழுதிய பெயர்களை வாடிக்கையாளர்களே படிக்க முடியாமல், எந்த கேக் யாருடையது என்று கடையில் அடிதடி நடக்காத குறை. எனவே முதலாளிக்குப் பெருந்தன்மை தானாக வந்தது. அக்கா கூம்பைச் சுற்றித் துணியைத் தடியாகச் சுற்றிக்கொண்டார். விரலால் பிழியாமல் உள்ளங்கையால் அழுத்தப் பழகினார். எழுத்துகள் முன்பைவிடக் கொஞ்சம் குண்டாக வந்தன. குண்டெழுத்துதான் அழகு என்று சிலர் அதையே கேட்டு வாங்கினார்கள்.

முத்திரையாருக்கும் தண்டனை கிடைத்தது. அவரும் தன் காலுக்கு டாக்டரைப் பார்த்தார். ஓய்வு எழுதித் தருவார் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, தினமும் அரைமணி நேரம் நடை, தொடைத் தசைக்குப் பயிற்சி, எட்டு கிலோ எடை குறைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஊரார் எடையெல்லாம் சோதித்த மனிதர் தினமும் எடை மேடையில் ஏறி நின்று பெருமூச்சு விட்டார். அந்த மேடையில் கோளாறு இருப்பதாக இரண்டு தடவை புகார் செய்தார். அதைச் சோதித்ததில் எந்தப் பழுதும் இல்லை. ஆனாலும் நடந்தார். ஆறு மாதத்தில் படி இறங்கும்போது முனகல் பாதியாகக் குறைந்தது.

அண்ணன் மட்டும் திருந்தக் காலம் எடுத்துக்கொண்டார். முகூர்த்த மாதம் ஒன்று முடிந்த கையோடு கட்டைவிரல் மறுபடி தீப்பிடித்தது. இந்தத் தடவை கணுக்காலும் சேர்ந்துகொண்டது. ஒரு வாரம் மண்டப வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு, அழுகிற முகத்தோடு விருந்தாளிகளை வரவேற்றார். மணமக்கள் வீட்டார், வருகிறவர்கள் ஏதோ துக்க வீட்டுக்கு வந்ததாக நினைத்துவிடப் போகிறார்கள் என்று அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அப்புறம்தான், வலி இல்லாதபோதும் போட வேண்டிய மாத்திரையை வலி இல்லாதபோதும் போடத் தொடங்கினார்.

இப்போது மூன்று பேரும் மூன்று மாதத்துக்கொரு தடவை ஆஸ்பத்திரிக்கு ஒரே நாளில் போய்வருகிறார்கள். போன தடவை காத்திருப்பு அறையில் முத்திரையார் இருபத்திரண்டு நிமிஷம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் நேரம் பார்த்து எண்ணியதால் இது உறுதியாகத் தெரியும். அப்போது பக்கத்து நாற்காலிக்காரர் கழுத்தைத் தடவியபடி, "காலையில எழுந்தா இடுப்பும் கழுத்தும் பலகை மாதிரி இருக்குங்க. வீட்டுல தேய்மானம்னு சொல்றாங்க" என்றார்.

முத்திரையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அக்கா திரும்பிப் பார்த்தார். அண்ணனும் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார் முத்திரையார், ஒவ்வொரு வார்த்தையும் பல் பிடுங்குவது போல. "உள்ள டாக்டர் கேப்பாங்க. எத்தனை மணிக்கு வலிக்குதுன்னு கேப்பாங்க. நீங்களே பதில் சொல்லுங்க, வீட்டுல உள்ளவங்களைப் பேச விடாதீங்க."

அந்த நேரத்தில் அக்காவின் எண்ணைக் கூப்பிட்டார்கள். கணவர் பழக்கத்தில் பாதி எழுந்தார். பிறகு உட்கார்ந்துகொண்டு, அக்காவின் கைப்பையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். அக்கா தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.